ஒட்டினால் குப்பை

பிரான்சிலிருந்து மாமா கொண்டுவந்த பெட்டிகளுக்குள் எல்லாருக்கும் ஏதாவது இருந்தது. அப்பாவுக்குச் சவரம் செய்யும் மெஷின். அம்மாவுக்குச் சேலையும் வாசனைப் போத்தலும். பெரியம்மாவுக்குக் கழுத்துவரை மூடும் கம்பளிச் சட்டை. எங்கள் வேலணை ஊர் வெயிலில் அதை எங்கே போடுவது என்று பெரியம்மா கேட்கவில்லை, மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்ததுதான் விசித்திரமான சாமான். நீளமான பிளாஸ்டிக் தடி, அதன் நுனியில் ஒரு வட்டத் தட்டு, கைபிடியில் ஒரு சிவப்பு விளக்கு. நிலத்துக்குச் சற்று மேலே ஆட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் விளக்கு எரியும், தடி கீச்சென்று கத்தும். பெட்டியில் இருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கடற்கரையில் தங்கக் காசு ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒன்பது வயது. அந்தப் பையனை நான் முழுதாக நம்பினேன்.

எங்கள் வீட்டு வளவில் தங்கக் காசு இருக்கவில்லை. ஆணி இருந்தது. நான் பிறக்க முன்னர் யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்து போயிருந்த காலத்தில், எங்கள் வீட்டுக் கூரையும் கதவுகளும் பார்ப்பாரில்லாமல் விழுந்து மண்ணோடு மண்ணாகியிருந்தன. மரம் உக்கிப்போனது, ஆணி உக்கவில்லை. தடி கத்தும், நான் பாய்ந்து விழுந்து தோண்டுவேன், ஆணி வரும். இரண்டடி நடப்பேன், மறுபடி கத்தும், மறுபடி ஆணி. இடைக்கிடை ஒரு மாறுதலுக்கு முள்ளுக்கம்பித் துண்டு, துருப்பிடித்த கதவுப் பிணைச்சல், ரின்மீன் டப்பாவின் மூடி. "ஒரு சாணுக்கு மேல தோண்டப்படாது. தெரியாத சாமானைத் தொடப்படாது, என்னைக் கூப்பிடு" என்பது அம்மாவின் கட்டளை. யுத்தம் மண்ணுக்குள் விட்டுப்போன வெடிகளைப் பற்றி எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆகவே வளவு முழுவதும் ஒரு சாண் ஆழத்தில் குழிகள் பெருகின. தடி கத்தும்போதெல்லாம் எங்கள் நாயும் சேர்ந்து ஊளையிட்டது. அம்மா அந்தச் சாமானுக்குக் 'கத்தல் தடி' என்று பெயர் வைத்தார்.

ஆனால் ஒரு கிழமை முழுவதும் ஆணி தோண்டினால் யாருக்கும் கொஞ்சம் புத்தி வரும். எனக்கும் வந்தது. ஆணி கிடந்தால் தடி ஒரு பக்கமாக ஆட்டும்போது கத்தும், குறுக்கே திரும்பி நின்று ஆட்டினால் வாயை மூடிக்கொள்ளும். வட்டமான சாமான் எந்தப் பக்கம் நின்று ஆட்டினாலும் ஒரே மாதிரிக் கத்தும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட பெருமை, பின்னாளில் பல்கலைக்கழகத்துக்குப் போனபோதுகூட ஏற்படவில்லை. ஒரேயொரு சிக்கல்தான். சோடா மூடியும் வட்டம்தானே.

அதற்கு அப்பா வழி செய்தார். பழுதாய்ப்போன றேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து, அதற்குள் இருந்த காந்தத்தை எடுத்து நூலில் கட்டித் தந்தார்.

"ஒட்டினால் இரும்பு. இரும்பெண்டால் குப்பை, எறிஞ்சுபோடு. ஒட்டாட்டித்தான் பெறுமதியான சாமான்" என்றார். அப்பாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஆணிகளை அம்மா சமைக்கும் குசினி மேசையில் கொண்டுவந்து காட்டுவதை நான் நிறுத்த வேண்டும் என்பதுதான். எனக்கோ அது வேதவாக்காகிவிட்டது. வீட்டில் இருந்த சட்டி, கரண்டி, கதவுக் கொண்டி, அப்பாவின் மூக்குக்கண்ணாடி என்று ஒன்றையும் விடாமல் காந்தத்தைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். மனிதர்களையும் விடவில்லை. அம்மாவின் தாலிக்கொடி ஒட்டவில்லை. பெரியம்மாவின் காப்பும் ஒட்டவில்லை.

"என்ரை காப்பைச் சோதிக்கிறாள் பாருங்கோவன்! சுத்தமான தங்கமடி. எந்தக் காந்தத்தைக் கொண்டுவந்தாலும் அசையாது" என்று பெரியம்மா கையை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினார். அடுத்து மாமாவின் கலியாண மோதிரத்தைச் சோதிக்கத் திரும்பினேன். மாமா கை கழுவ எழுந்து போய்விட்டார்.

பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அப்பாவின் தமையனுடைய மனைவி, அடுத்த வளவில் குடியிருந்தார். அவருக்கும் ஒரு தம்பி, கனடாவில். அம்மாவின் தம்பி பிரான்சில். இந்த இரண்டு தம்பிமாருக்கும் இடையில் ஓர் ஓட்டப்பந்தயம் நடந்துகொண்டிருந்தது. அது அந்தத் தம்பிமாருக்குத் தெரியாது. என் தம்பி வீடு வாங்கினான் என்று பெரியம்மா வேலிக்கு மேலால் சொன்னால், என் தம்பி கார் மாற்றினான் என்று அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வார். அந்த வருடம் மாமாவே நேரில் வந்திருந்ததால் அம்மா ஒரு சுற்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக மண்கும்பான் கடற்கரைக்குக் குளிக்கப் போனோம். மாமாவும் நானும் ஈர மண்ணில் கோபுரத்தோடு ஒரு கோயில் கட்டினோம். வீட்டுக்குப் புறப்படும் நேரம் மாமாவின் விரலில் மோதிரம் இல்லை. அதை முதலில் கண்டவர் பெரியம்மா என்று சொல்லவும் வேண்டுமா?

அம்மா அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டார். மாமா மட்டும் பதறவே இல்லை.

"விடுங்கோ அக்கா. கடலுக்குப் போனது போனதுதான்."

"கலியாண மோதிரமடா! அவளுக்குப் போய் என்ன சொல்லப் போறாய்?"

"அவ ஒண்டும் சொல்லமாட்டா. ஒரு மோதிரத்துக்கு ஏன் இந்தப் பாடு?"

எவ்வளவு பெரிய மனது என்று நான் வியந்தேன். பெரியம்மா வேறு மாதிரி வியந்தார். "என்ரை தம்பியெண்டால் கடலை இறைச்சுப்போட்டுத்தான் வீட்டை வந்திருப்பான்" என்றார். அதோடு அம்மாவின் அழுகை நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, நாளைக்கு உன்ரை கத்தல் தடியோடை வருவம்."

மறுநாள் காலை நான்தான் தளபதி. தடி, காந்தம், குசினியிலிருந்து எடுத்த அரிதட்டு எல்லாம் தயார். அம்மா, மாமா, நான். பெரியம்மாவை யாரும் கூப்பிடவில்லை, ஓட்டோவில் எங்களுக்கு முன் ஏறி உட்கார்ந்திருந்தார்.

கடற்கரையில் நான் ஒரு குச்சியால் மண்ணில் கோடுகள் கீறினேன். ஒரு கோட்டை முடித்த பிறகே அடுத்த கோடு என்று திட்டம். மாமா அந்தத் திட்டத்தைக் குழப்பிக்கொண்டேயிருந்தார். கோயில் கட்டிய இடத்துக்கு நான் வந்தால், "இங்கை இல்லைப் பிள்ளை, நான் குளிச்சது அங்கை" என்று தூரத்தில் கையைக் காட்டுவார். அங்கே போனால் இன்னும் அங்காலே கையைக் காட்டுவார். மாமாவுக்கு இடம் மறந்துவிட்டது என்று நான் பரிதாபப்பட்டேன்.

கடற்கரை மண் எங்கள் வளவை விட மோசம். சோடா மூடி, சோடா மூடி, தூண்டில் முள், சோடா மூடி. எல்லாம் ஒட்டின, எல்லாம் குப்பை. ஒட்டாத சாமான் ஏதாவது வந்தால் அம்மா ஓடி வந்துவிடுவார். சோடா ரின்னின் இழுவளையம், இனிப்பு ரொபி சுற்றிய வெள்ளிக் கடதாசி. ஒவ்வொரு முறையும் அவருடைய முகம் மலர்ந்து சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இதற்கிடையில் ஐஸ்பழக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் இடப்பக்கம்" என்று ஆலோசனை சொல்லத் தொடங்கினார். பெரியம்மா இரண்டு ஐஸ்பழம் வாங்கி இரண்டையும் தானே சாப்பிட்டார்.

கடைசியில் மாமா ஐஸ்பழக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கோயில் கட்டிய இடத்துக்கே நான் திரும்பி வந்தேன். தடி கீச்சென்று கத்தியது. குறுக்கே நின்று ஆட்டினேன். அப்போதும் அதே கத்தல். வட்டச் சாமான்! மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அரிதட்டில் போட்டு அரித்து, காந்தத்தை இறக்கினேன். டக்கென்று சத்தம். தூக்கிப் பார்த்தால் காந்தத்தின் ஒரு பக்கம் ஒரு சோடா மூடி, மறு பக்கம் ஒரு மோதிரம். மஞ்சள் நிறம், சுற்றிவர இரண்டு கோடுகள், அச்சாக மாமாவின் மோதிரம் போலவே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, இஞ்சை ஓடி வாங்கோ! மாமான்ரை மோதிரம் மாதிரியே ஒரு இரும்பு மோதிரம்!"

அம்மா ஓடி வந்தார். காந்தத்தை என் கையிலிருந்து வாங்கினார். மோதிரத்தைப் பிரித்தெடுத்து, மறுபடி கிட்டக் கொண்டுபோனார். டக். இன்னொரு முறை பிரித்தெடுத்து உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே மஞ்சள் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு தலையை நிமிர்த்தி மாமாவைப் பார்த்தார். மாமா இதுவரை கடலைப் பார்க்காத மனிதரைப் போலக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, ஆப்பிட்டுதோ? காட்டும் பாப்பம்" என்று பெரியம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

அம்மாவின் கை மூடிக்கொண்டது. "இல்லை அக்கா. ஆரோ சின்னப் பிள்ளையின்ரை விளையாட்டு மோதிரம்." பிறகு அதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "எறி. கரையிலை போட்டால் ஆரன்ரையும் காலிலை குத்தும். கடலிலை எறி பிள்ளை, ஏலுமான மட்டும் தூரத்திலை."

தூரத்தில் எறி என்று என் வாழ்நாளில் எந்தப் பெரியவரும் என்னிடம் சொன்னதில்லை. ஓடிப்போய் முழங்கால் தண்ணீரில் நின்று, முழுப் பலத்தோடும் எறிந்தேன். ஐஸ்பழக்காரர் கைதட்டினார்.

"எனக்குக் காட்டாமலே எறிஞ்சுபோட்டாளே! உம்மடை தம்பியின்ரை மோதிரமோ தெரியாது" என்றார் பெரியம்மா.

இப்படியும் அறியாமை இருக்குமா என்று எனக்குக் கோபம் வந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விளக்கினேன். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. அது ஒட்டியது. ஆகவே அது மாமாவின் மோதிரம் இல்லை. "உங்கட காப்பை அண்டைக்குச் சோதிச்சனான் தானே பெரியம்மா? அது ஒட்டினதோ?"

பெரியம்மா தன் காப்பைப் பார்த்தார். என் சட்டத்தை மறுத்தால் காப்பின் தங்கத்தையும் மறுக்க வேண்டி வரும். "ஓம், அது சரிதான்" என்று மெல்லச் சொன்னார். பெரியம்மா என்னிடம் தோற்ற ஒரே நாள் அதுதான். மாமா அப்போதுதான் கடலிலிருந்து கண்ணை எடுத்தார். "பிள்ளை கெட்டிக்காரி" என்றார்.  

"தேடினது காணும். போவம்" என்றார் அம்மா.

என்னால் நம்ப முடியவில்லை. முதல் நாள் அழுத அழுகை என்ன, கடற்கரையே அதிர ஓடித் திரிந்தது என்ன! "போனது போனதுதான்" என்று இப்போது அம்மாவும் மாமாவின் வார்த்தையையே சொன்னார். ஓட்டோக்காரருக்குக் கொடுக்க மாமா பையைத் தொட்டபோது அம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையை வேலணை வரும்வரை விடவில்லை. பெரியம்மா நடுவில் உட்கார இடமில்லாமல் ஓர் ஓரத்தில் ஒடுங்கிக்கொண்டு வந்தார்.

மாமாவுக்கு அந்த வருடம் வேலை போயிருந்தது. இருந்தாலும் அக்காவிடம் வெறுங்கையோடு போகக் கூடாது என்று கலியாண மோதிரத்தை விற்றுத்தான் அவ்வளவு பெட்டிகளையும் நிரப்பிக்கொண்டு வந்தாராம். ஆட்கள் விரலைப் பார்ப்பார்களே என்று சந்தையில் ஒரு பூச்சு மோதிரம் வாங்கிப் போட்டிருக்கிறார், அளவுகூடப் பார்க்காமல். பல வருடங்களுக்குப் பிறகு மாமாவின் மனைவி தொலைபேசியில் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். மோதிரத்தைத் தேடப் போன தடியும் விற்ற அந்தக் கலியாண மோதிரத்தின் காசில் வந்ததுதான். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கடற்கரையில் மூடிக்கொண்ட அம்மாவின் கை ஞாபகத்துக்கு வந்தது. பெரியம்மா எழுந்து வருவதற்குள் எவ்வளவையும் விளங்கிக்கொண்டு, எவ்வளவையும் விழுங்கியிருக்கிறார்! அன்று அம்மா மேல் எனக்கு வந்த அன்பை அவரிடம் சொல்லத் தெரியாமல், சாப்பிட்டாச்சோ என்று கேட்டேன்.

ஆனால் அந்த ஒன்பது வயதில் எனக்கு வந்தது அன்பு அல்ல. மாமா பயணம் புறப்படும் நாள் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இனி மாமாட்டை ஒண்டும் கேக்கப்படாது. விளங்குதோ? ஒரு ரொபிகூடக் கேக்கப்படாது."

 மோதிரத்தைக் கண்டுபிடிக்காத குற்றத்துக்கு இப்படியொரு தண்டனையா? வெளியே ஓடினேன். முற்றத்தில் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த மாமாவின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை மண்கும்பானுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கதறினேன். இந்த முறை நிச்சயம் கண்டுபிடித்துத் தருவேன் என்றேன். மாமா முழங்காலை நிலத்தில் ஊன்றி என் முகத்தைத் துடைத்தார்.

"வேண்டாம் பிள்ளை. நீர் வடிவாத் தேடினீர். உம்மை மாதிரி ஒருத்தரும் தேடியிருக்க மாட்டினம்."

பெரியவர்கள் அழுகிற பிள்ளைக்குச் சொல்கிற ஆறுதல் அது என்று எனக்குத் தெரியாதா? நான் கீறிய கோடுகளில் பாதி இன்னும் அங்கே தேடாமல் கிடந்தன.