கை வைத்துப் பார்க்கிற வேலை

என் வீட்டுக்காரர் தையல்காரர். பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். வலது கையில் வைத்தது போன வருடமே அடைத்துவிட்டது. இதுவும் போனால் கழுத்தில்தான் குழாய். முன்பு அதைப் போட்டபோது கிருமி ஏறி, மனிதர் செத்துப் பிழைத்தார்.

ரத்தம் ஒழுங்காக ஓடினால் அந்தக் கை தோலுக்கடியில் விறுவிறுவென்று அதிரும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. இவரோ தையல் மெஷினை விட்டு எழுந்தால்தானே! கை பலகைமேல், கால் மோட்டார் மிதியில். அப்படியே தொட்டுப் பார்ப்பேன்.

"ஓடுதா?" என்பார்.

"ஜோரா ஓடுது, நீங்க தைங்க."

டயாலிசிஸுக்குப் போனபோது நர்ஸ் ஒருநாள், "அதிர்வு கம்மியா இருக்கே, ஸ்கேன் எடுத்துடலாம்" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "வீட்ல நல்லாத்தான் இருக்கு, உன் கையில ஏதோ கோளாறு" என்று வெடுக்கென்று சொல்லி, இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

கடைசியில் டாக்டரே கேட்டார். "எப்படித் தொட்டுப் பார்ப்பீங்க?" சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. இத்தனை நாள் நான் தொட்டது மோட்டாரின் அதிர்வை. பாவி நான், பாவி!

"ரத்தக்குழாய் சுருங்கி, நூல் நுழையிற வழிதான் இருக்கு" என்றார் டாக்டர், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு. உள்ளே மெல்லிய கம்பி விட்டு, அதன் வழியாகக் குட்டி பலூனைச் செலுத்தி, ஊதி விரிப்பார்களாம். மரத்துப்போக ஊசி போட்டும், பலூன் ஊதியபோது அவர் அலறியது வராந்தா வரைக்கும் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"விரிஞ்சிடுச்சு. ஆனா திரும்ப அடைக்கலாம். இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்" என்றார்கள்.

காலையில் கட்டிலருகே உட்கார்ந்து கை வைத்தேன். சூடு இருந்தது. வேறொன்றும் இல்லை. கொஞ்சம் மேலே வைத்தேன். கீழே வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தேன்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்று சிரிக்கப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை.

"ஓடுதுன்னு சொல்லிடேன்."

அவர் கையை விடாமலே, "நர்ஸம்மா, ஓடி வாங்க!" என்று கத்தினேன்.