நாலாவது போல்ட்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் எங்கள் ஊர் கொட்டாரத்துக்கு வந்து ஆபேல் வீட்டு முற்றத்தை ஒருதடவை பார்த்துவிட்டுப் பேசட்டும். கார் அங்கேயேதான் நிற்கிறது. மழைக்குக்கூட ஒரு கோழி அதனடியில் ஒதுங்குவதில்லை. ஆபேல் மட்டும் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்; மஸ்கட் நகரத்து வண்டிகளெல்லாம் தன் கைபட்டுத்தான் ஓடுகின்றன என்று சொல்கிற ஆள். ஆனால் அவன் மனைவி பிரீனாவிடம் தனியாகக் கேட்டேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

போன ஐப்பசி மழையில் நடந்தது. பிரீனாவுக்கு நிறைமாதம். பிரசவத்துக்குச் சொந்தக் காரில்தான் நாகர்கோவில் கொண்டுபோவேன் என்று ஆபேல் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அதற்காகக் களியக்காவிளைத் தரகர் சுயம்புலிங்கத்திடம் ஒரு பழைய டீசல் கார் வாங்கினான். வந்த மறுநாளே சீறல். என்ஜினோடு டர்போவைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் ஒன்றின் ஓட்டையில் மரையே இல்லை. முறுக்கினால் சும்மா சுற்றியது. அந்த இடுக்கு வழியாகப் புகை கசிந்தது.

ஒர்க்‌ஷாப்பில் விடலாம். கௌரவம் விடுமா?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தான். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் ஒரு கம்பிச்சுருளை இறக்க வேண்டும். முன்னால் அரைச் சுற்று, பின்னால் கால் சுற்று என்று பைய வெட்டினான். இரும்புத்தூளோடு சாம்பல் நிறத்தில் என்னவோ உதிர்ந்தது. காய்ந்த பசை.

"எந்தக் கள்ளப்பயலோ பசையை அடச்சு ஏமாத்தியிருக்கான்," என்று சிரித்தான்.

அப்போதுதான் முனகல் கேட்டது.

பெண் குரல். அடிவயிற்றிலிருந்து... இழுத்து...

வீட்டுக்குள் ஓடினான். பிரீனா மரச்சீனிக் கிழங்கை மீன்கறியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னவாக்கும் இப்பிடி முழிக்கிய?"

"நீ மொனங்கினியா?"

"எதுக்கு? கறியில உப்பு சரியாத்தான் இருக்கு."

திரும்பி வந்தான். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு மல்லாக்கச் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தான்.

சுருளை இறக்கி, போல்ட்டைப் போட்டான். கொஞ்சம் பிடித்தது. பிறகு வழுக்கியது. சுருள் போல்ட்டோடு வெளியே வந்துவிட்டது. மறுபடி இறக்கினான். மறுபடியும் வெளியே.

மறுபடியும் முனகல். ஓடினான். பிரீனா தூங்கிக்கொண்டிருந்தாள்.

வந்து பார்த்தால்... சீட்டு சாய்ந்திருந்தது.

அடுத்த முனகலுக்கு அவன் திரும்பவேயில்லை.

"இங்க ஒருத்திக்கு உயிரு போவுது. நீங்க ஸ்பானரைக் கொஞ்சிட்டு நிக்கிய!"

வாசற்படியில் பிரீனா. இந்தத் தடவை நிஜம். வலி எடுத்துவிட்டது.

"ஆட்டோ விளிங்க."

"கொஞ்சம் பொறு பிள்ளே. இப்ப தீந்துரும்."

பதற்றத்தில் அவனும் பசையைத்தான் எடுத்தான். ஓட்டையில் அடைத்து, போல்ட்டைத் திணித்தான். சூட்டில் சீக்கிரம் இறுகும் என்று என்ஜினை ஓடவிட்டான். பிரீனாவை அந்தச் சீட்டில் படுக்கவைத்தான். ஏசியைப் போட்டான். கண்ணாடியை ஏற்றிக் கதவை அடைத்தான்.

பானட்டுக்குள் குனிந்தான்.

மழை. என்ஜின் சத்தம். காருக்குள் முனகல்.

"இப்ப தீரும்... இப்ப தீரும்..."

முறுக்கினான்.

முனகல் கொஞ்சம் குறைந்தது. வலி விட்டிருக்கும் என்று நினைத்தான்.

முறுக்கினான்.

"யாருகிட்ட பேசிட்டிருக்கிய?"

முதுகுக்குப் பின்னால்.

பிரீனா. மழையில் நனைந்து நின்றாள்.

"நீ... எப்ப எறங்கின?"

"அப்பமே. அவ எறங்கிப் போன்னு சொன்னா."

"எவ?"

அவள் காரையே பார்த்தாள்.

உள்ளே...

இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

இதற்கு மேல் நானே பார்த்தது. மனைவியைத் தூக்கிக்கொண்டு மழையில் தெருவோடு ஓடி வந்தான் ஆபேல். என் வீட்டு வாசலில்தான் ஆட்டோ கிடைத்தது. பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. அழுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டது.

ஞானஸ்நானம் முடிந்தபிறகுதான் சுயம்புலிங்கத்துக்குப் போன் போட அவனுக்குத் தைரியம் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னது நான்தான்.

"ஓய், அந்தக் காருக்குள்ள யாராவது செத்தாவளா?"

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"ஒரு பொம்பள. நெறமாசம். ஆஸ்பத்திரி போற வழியில வண்டி பொகஞ்சிருக்கு. அவளை ஏசியில படுக்க வச்சுட்டு, மாப்பிள்ளைக்காரன் பானட்டைத் தொறந்து போல்ட்டை முறுக்கிட்டு நின்னிருக்கான். பொகை பூரா ஏசி வழியா உள்ள போயிருக்கு. மொனங்கல் நின்னதும், வலி விட்டுட்டுன்னு நெனச்சானாம் பாவி."

ஆபேல் போனைக் கீழே வைத்தான். சுயம்புலிங்கம் நிறுத்தவில்லை.

"விக்கும்போது அவன் ஒண்ணுதான் சொன்னான். நெறமாசக்காரி இருக்க வீட்டுக்குக் குடுத்துராதியும்னான்."

"வீட்டுல அப்பிடி ஆரும் உண்டான்னு ஏன் ஓய் எங்கிட்ட கேக்கல?"

"கேக்கத்தான் இருந்தேன் மக்கா. நீ வந்த ஒடனே மஸ்கட் கதைய ஆரம்பிச்சுட்டியே."

"அவன் எதுக்கு அப்பிடிச் சொன்னான்?"

இந்தமுறை சுயம்புலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

"அவ செத்த பொறவு, முதல்ல வேற ஒரு வீட்டுக்குக் குடுத்திருக்கான். அங்கயும் ஒருத்திக்கு நெறமாசம்... வண்டி மட்டுந்தான் திரும்பி வந்துச்சாம்."