ஒரே வரியில் விழுந்த இரண்டு பெயர்கள்

பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்று சொல்லுமுன் எத்தனை முறை பார்க்க வேண்டும்? இன்று வேங்கிக்கால் அலுவலகமொன்றில் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டபோது அந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது.

எண்பதுகளின் இறுதியில் திருவண்ணாமலையில் சித்தப்பா கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். ரிப்பன் மை மணக்கும் ஒற்றை அறை. நர்ஸ் பயிற்சிக்குத் தேர்வானவர்களின் ஆங்கிலப் பட்டியலை அச்சிட்டு வாசலில் ஒட்டியிருந்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர், வாசலில் நின்ற சிறுமியான என்னிடம், "பாப்பா, எங்க மல்லிகா பேரு இருக்குதா பாரு" என்றார். ஒரு வரி மட்டும் கருப்பாக அப்பியிருந்தது. யார் பெயரையோ அடித்து நீக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"இல்லீங்க. உள்ள சித்தப்பாவக் கேக்கறீங்களா?"

"கம்ப்யூட்டரே இல்லைன்னுடுச்சு. அவர எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாலையில் வேறொரு தாளிலும் வரிகள் அப்பின. சித்தப்பா பிரிண்டரின் மூடியைத் திறந்தார். தாளின் ஓரத்துளைகள் சக்கரப் பற்களிலிருந்து நழுவியிருந்தன. தாள் நகராததால் இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. சரிசெய்துவிட்டு, "இப்ப பாரும்மா, முத்து முத்தா விழுது" என்று சிரித்தார். வாசல் பட்டியலைக் காட்டி, மல்லிகாவின் அப்பா வந்துபோனதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பட்டியலை மீண்டும் அச்சிட்டார்; அப்பிய வரியில் விழுந்த இரண்டு பெயர்களில் ஒன்று மல்லிகா.

மறுநாள் சித்தப்பா கீழ்பென்னாத்தூர் போய் ஊரெல்லாம் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பயிற்சியில் சேரக் கடைசி நாள் அதுவே. மல்லிகாவுக்கு அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை.

அதன்பின், ஒரு வரி குறைந்தாலும் தெரியட்டுமென்று, சித்தப்பா எந்தப் பட்டியலையும், பெயர்களை எண்ணி மொத்தத்தை அடியில் கையால் எழுதாமல், வாசலில் ஒட்டியதில்லை.