பக்கத்து சீட்டில் இருந்தவள்

இப்போது மணி 1.52. விளக்கை எரியவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. எனக்குக் கெட்ட பெயர் வரும் இடத்தையும் மறைக்கவில்லை. தன் மானத்தைத் தானே வாங்கிக்கொள்கிற மாதிரி யாராவது கதை கட்டுவார்களா, சொல்லுங்கள்.

அண்ணன் நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். கறுப்பு. தரையோடு தரையாகக் கிடக்கும். ரெண்டே சீட். ஒன்று அவனுக்கு, இன்னொன்று எனக்கு. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பான், நான் டார்ச் பிடிப்பேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் என் கை நீண்டிருக்கும். வீட்டில் என் பெயரே ‘டார்ச்சு’ என்று ஆகிவிட்டது.

ஒரே தொல்லை, சத்தம். ஸ்டார்ட் பண்ணினால் தெருவே எழுந்து உட்காரும். எதிர்வீட்டு டீச்சர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. இன்னொரு தடவை யாராவது வந்து நின்றால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அண்ணன் முகம் செத்துப்போனது.

அப்போதுதான் அவள் வந்தாள். அண்ணன் வேலை பார்க்கிற கேரேஜில் அவள் வெல்டர். அண்ணன் அவளை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவான். அதைச் சொல்லும்போது அவன் குரலே குழையும். புகைக்குழாயில் ஒரு வால்வு வைத்தால் போதும் என்றாள். கியர் பக்கத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் வால்வு மூடும், வண்டி பூனை மாதிரி போகும். மறுபடி அமுக்கினால் திறக்கும், பழைய உறுமல் வந்துவிடும். ரெண்டு ஞாயிறு வேலை நடந்தது. ரெண்டு ஞாயிறும் டார்ச் அவள் கையில். பக்கத்தில் போய் நின்றால், “தீப்பொறி படும், தள்ளி நில்லும்மா” என்பாள். ‘ம்மா’வாம்.

வால்வை மூட வைப்பது சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் ட்யூப். என்ஜின் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சினால்தான் வால்வு மூடும்.

“இந்த ட்யூப் கழண்டுச்சுன்னா அவ்வளவுதான். பட்டனை எத்தனை தடவ அமுக்கினாலும் சத்தம்தான் வரும். அமைதியா போக வழியே இல்ல” என்று அவள் அண்ணனிடம் சொன்னாள்.

நான் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் சவாரி எனக்கு என்று அண்ணன் தலையில் அடித்து சத்தியம் பண்ணியிருந்தான். சனிக்கிழமை மாலை 6.10. தலை சீவி, ஷூ போட்டு, கேட் பக்கத்தில் நின்றேன். அவள் வந்தாள். கதவைத் திறந்தாள். என் சீட்டில் உட்கார்ந்தாள்.

“மாஸ்டர் சத்தத்தைக் கேட்டுப் பாக்கணும்ல. உனக்கு அப்புறம்” என்றான் அண்ணன்.

அந்த ‘அப்புறம்’ எப்போது என்று அன்று இரவே தெரிந்துவிட்டது. அவன் ஃபோனில் குசுகுசுவென்று பேசியதைக் கேட்டேன். விடியக்காலை நாலரைக்கு அவளோடு மலைப்பாதை போகிறானாம். பட்டன்தான் இருக்கிறதே, ஒருத்தருக்கும் தெரியாமல் கிளம்பலாமாம்.

எனக்கு இல்லாத சீட் யாருக்கும் வேண்டாம்.

இரவு 11.20. எல்லோரும் படுத்த பிறகு கீழே போனேன். போர்ட்டிகோவில் வண்டி கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது. பின்னால் குப்புறப் படுத்து, பம்பருக்கு அடியில் கையை விட்டு, அந்த ட்யூபைப் பிடுங்கினேன். நாலரைக்கு வண்டி கத்தும். தெரு எழுந்துகொள்ளும். அப்பா எழுந்துகொள்வார். அதோடு வண்டியும் போகும், மாஸ்டரும் போவாள். நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

2.47-க்கு முழிப்பு வந்தது.

சத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஜன்னல் ஓரத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன வட்டங்கள். கீழே எட்டிப் பார்த்தேன். போர்ட்டிகோ தரை சிவப்பாக இருந்தது. வண்டியின் பின்விளக்கு.

“ம்ம்ம்ம்ம்...” என்று ஒரு முனகல். அவ்வளவுதான். பூனை மாதிரி.

ட்யூபைக் கண்டுபிடித்து மாட்டிவிட்டான், நேரத்தையும் முன்னால் தள்ளிவிட்டான் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் செருப்புகூடப் போடாமல் அறையை விட்டு வெளியே வந்தேன். அண்ணன் அறைக் கதவு திறந்திருந்தது.

அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. சாவி அவன் தலையணைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

நான் அங்கேயே அவனை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பவில்லை. எழுப்பினால் ட்யூப் விஷயம் வெளியே வருமே...

கீழே போனேன். வண்டிக்குள் இருட்டு. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு தலை தெரிந்தது. பெண் தலை. முடியைத் தூக்கி முடிந்திருந்தாள். மாஸ்டர் அப்படித்தான் முடிவாள்.

நம்புங்கள், அந்த நொடியில் எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“எந்திரி. அது என் சீட்டு.”

அவள் திரும்பவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள். இல்லை என்று.

அப்போதுதான் கவனித்தேன். ஒல்லியான கழுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தோள். அது மாஸ்டர் இல்லை. அவளுக்கு என் வயதுதான் இருக்கும்.

கால் பின்னால் போனது. வண்டியின் பின்பக்கம் வரை நகர்ந்துவிட்டேன். கணுக்காலில் ஏதோ உரசியது. குனிந்து பார்த்தேன்.

ட்யூப். நான் பிடுங்கிப் போட்டது போலவே தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டவே இல்லை. அப்படியென்றால் வண்டி கத்த வேண்டும். அமைதியாகப் போக வழியே இல்லை.

“ம்ம்ம்ம்ம்...”

புகைக்குழாய் வாயில் கையை வைத்தேன். சூடு இல்லை. காற்று வெளியே வரவில்லை... உள்ளே போனது. மூச்சு இழுக்கிற மாதிரி. என் விரல்களை இழுத்தது.

திடீரென்று என் முகத்தில் வெளிச்சம்.

வெள்ளை விளக்கு.

ரிவர்ஸ்.

ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி பின்னால் வந்தது. பம்பர் என் முழங்காலைத் தொட்டது. என்னால் அசைய முடியவில்லை...

‘டக்.’

உள்ளே யாரோ பட்டனை அமுக்கினார்கள்.

வண்டி உறுமியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. நெஞ்செலும்பு அதிர்ந்தது. அந்தச் சத்தம்தான் என்னைத் தூக்கி எறிந்தது. பக்கவாட்டில் விழுந்தேன்.

நின்றது.

விளக்கு அணைந்தது.

சீட் காலி.

மணி 3.04. தெருவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அப்பா இருமக்கூட இல்லை.

4.25-க்கு அலாரம் அடித்ததும் அண்ணன் அறை வாசலில் போய் நின்றேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேய் விஷயத்தில் அவனுக்கு அக்கறையே இல்லை. ட்யூபில்தான் கோபம்.

“ட்யூபைக் கழட்டின பேய் நீதான்டி” என்றான். அப்படியே கீழே இறங்கிப் போனவன், ரொம்ப நேரம் மேலே வரவில்லை. வண்டி ஒரு கை நீளத்துக்குப் பின்னால் வந்திருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டபடியே இருந்தது. அவன் மலைப்பாதைக்குப் போகவில்லை.

எதிர்வீட்டு டீச்சரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். மூன்று மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாராம். பட்டன் வைத்த பிறகு தெரு இவ்வளவு அமைதியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் கேரேஜில் மாஸ்டர் வண்டியைத் தூக்கிப் பார்த்தாள். நான் செய்ததை அண்ணன் சொல்லியிருப்பான். ஆனால் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழாயின் பழைய பெயின்டைச் சுரண்டியபோது உள்ளே இன்னொரு வெல்டிங் தழும்பு தெரிந்ததாம். இதே மாதிரி ஒரு வால்வை முன்பே யாரோ வைத்து, பிறகு வெட்டி எடுத்திருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு வைத்ததை ஏன் எடுத்தார்கள் என்று அவளுக்கு உறுத்தல். வண்டியை விற்ற புரோக்கரைத் தேடிப் போய் ரெண்டு பேரும் கேட்டார்கள். முதலில் மழுப்பினாராம். பிறகு சொன்னாராம்.

நேற்று இரவு அண்ணன் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து அதை என்னிடம் சொன்னான். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

முதல் ஓனரும் சின்ன வயதுக்காரர்தானாம். ஒரு நாள் விடியற்காலை, வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாது என்று அமைதி பட்டனில் போட்டு ரிவர்ஸ் எடுத்திருக்கிறார். பின்னால் அவருடைய தங்கை இருந்ததை அவர் பார்க்கவில்லை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் வண்டி கிளம்பியது அவளுக்கும் கேட்கவில்லை. பதினாறு வயது.

“அந்த நேரத்துல, வண்டிக்குப் பின்னாடி தரையில படுத்து, அடியில கையை விட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணிட்டு இருந்தான்னு அந்த வீட்டுல இன்னிவரைக்கும் யாருக்கும் தெரியலையாம்” என்றான் அண்ணன்.

எனக்குத் தெரியும்.