எதிர்வீட்டுச் சீமாட்டியின் வெள்ளை அங்கி

வளைகுடாவில், ருவைஸில் இருந்த காலத்தில் நான் இரண்டு சிங்கம், மூன்று கழுகு, ஒரு காட்டுப்பன்றி தைத்திருக்கிறேன். ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கிறவரின் பெண்டாட்டிக்குக் காட்டுப்பன்றியோடு என்ன சோலி என்று கேட்டால், பொழுது போகவில்லை என்றுதான் பதில் சொல்கிறேன். அது சின்ன வார்த்தை. உண்மையில் அந்தப் பொழுது என்னை உட்கார வைத்துத் தின்றுகொண்டிருந்தது.

இவருக்கு ஆலையில் ஷிப்ட் வேலை, பன்னிரண்டு மணி நேரம். பகல் டூட்டி என்றால் வீட்டில் ஆள் இல்லை. நைட் டூட்டி என்றால் ஆள் உண்டு, ஆனால் தூங்குகிற ஆள். அவர் தூங்கும்போது மிக்சி போடக்கூடாது, டிவியில் சத்தம் கூடாது, தையல் மெஷினைத் தொடவே கூடாது. அபுதாபிக்குப் போக இரண்டரை மணி நேரம். அங்கே போய்த்தான் என்ன செய்ய? கடைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டும்.

எங்கள் பிளாக்கிலேயே ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலாவது கூடுவார்கள். நானும் முதலில் போய்க்கொண்டுதான் இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. காபி கையில் வந்ததும் யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள். "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" ஒருத்தி டாக்டர் பேர் சொல்வாள், அடுத்தவள் கோயில் பேர் சொல்வாள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருநாள் காபியை யார் தலையிலாவது ஊற்றிவிடுவேனோ என்று பயந்து, போவதையே நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் மாடியில் இரண்டே வீடு, எதிரெதிர்க் கதவு. எதிர்வீட்டில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பிள்ளைகள் அவர்கள் நாட்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். படியில் பார்த்தால் குட்மார்னிங், அதோடு சரி. ஒருநாள் நான் கொடியில் காயப்போட்டிருந்த ரவிக்கையைக் காட்டி, அதை யார் தைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டார்.

அவர் வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜை நிறையத் துணி. நடுவில் பாதி தைத்த ஒரு நீள அங்கி. என்ன நாடகமா என்றேன். இல்லையாம். அபுதாபியிலும் துபாயிலும் அவர்களைப் போல முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எழுநூறு எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பியர் மாதிரி உடுத்திக்கொண்டு, பாலைவனத்தில் கூடாரம் அடித்து, பிரம்புக் கத்தியால் சண்டை போட்டு, அந்தக் காலத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்துவிட்டு வருவார்களாம். பெரிய கூட்டம் குளிர்காலத்தில். அதில் ஆளுக்கொரு பட்டம் உண்டு. இவர் ஒரு சீமாட்டி. பார்ப்பதற்கு நான்கு பேர் பார்க்கிற வயல்வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறவர் மாதிரி இருப்பார். ஆனால் சீமாட்டி.

செவ்வாய்க்கிழமை காலையில் இன்னும் இரண்டு பெண்கள் தைக்க வருவார்கள், நீயும் வா, உன் மெஷினையும் கொண்டுவா என்றார். என் மெஷினை நான் சத்தமாக ஓட்ட அந்த ஊரில் இடம் கிடைத்தது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அந்தத் தையல் எனக்குத் தெரிந்த தையல் இல்லை. உடம்புக்கு ஏற்றபடி பிடிப்பு வைப்பதெல்லாம் கிடையாது. நீளமாக நாலு பட்டை, பக்கவாட்டில் முக்கோணத் துண்டு, அக்குளில் சதுரத் துண்டு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் கையால்தான் தைக்க வேண்டும் என்பார்கள். மெஷின் கண்டுபிடிக்காத காலமாம். பக்கத்தில் மோட்டார் மெஷினை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். சண்டைக்காரர்களுக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தடிமனாகக் கோட்டு வேறு. இந்த ஊர் வெயிலில் இதைப் போடுகிறவனுக்கு எதிரியே வேண்டாம் என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் இங்கிலீஷுக்கு ஆள் சிரித்தது அதுதான் முதல் தடவை, அதுவும் நான் நினைத்த இடத்தில்.

அப்புறம் கொடிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னம். அதைத் துணியில் வெட்டி, கொடியின் இரண்டு பக்கமும் ஒட்டுத்தையலாகத் தைக்க வேண்டும். என் முதல் சிங்கத்தை நான்கு நாள் உட்கார்ந்து, பிடரி முடி ஒவ்வொன்றாகத் தைத்துக் கொண்டுபோனேன். சீமாட்டி பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டார். சிங்கத்தின் முகம் எப்போதும் கொடிக்கம்பைப் பார்த்து இருக்க வேண்டுமாம். கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே போகும்போது அப்போதுதான் அது எதிரியைப் பார்க்கும். என் சிங்கம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. புறமுதுகு காட்டி ஓடும் சிங்கத்தைத் தைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் அது பெரிய அவமானம் என்று சொன்னேன். எங்களுக்கும்தான் என்றார் அவர். பிரித்துத் திருப்பித் தைக்க அவரும் என்னோடு உட்கார்ந்தார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. அந்த மேஜையில் யாரும் என்னிடம் குழந்தை உண்டா என்று கேட்கவில்லை. நானாகத்தான் ஒருநாள் சீமாட்டியிடம் சொன்னேன், மற்றவர்கள் போன பிறகு. அவர் டாக்டர் பேர் சொல்லவில்லை. தன் முதல் குழந்தை பிறந்த வாரமே இறந்துபோனதைச் சொன்னார். பிறகு இருவரும் கழுகுக்கு இறக்கை தைத்தோம். திங்கட்கிழமை இரவு படுக்கும்போதே நாளைக்குச் செவ்வாய் என்று எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் செவ்வாய் மட்டும் போய்விட்டால் எனக்கு அந்த ஊரில் வேறு நாளே இல்லை.

குளிர்காலக் கூட்டத்துக்குச் சீமாட்டிக்கு ஒரு வெள்ளை அங்கி. அதை முழுக்க நான்தான் தைத்தேன், முழுக்கக் கையால். முடித்து மடிக்கும்போது, கழுத்துக்கு உள்பக்கம் பொட்டளவு மஞ்சள் வைத்தேன். எங்கள் வீட்டில் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்த மாட்டோம். உடுத்துகிறவர் நன்றாக இருக்க வேண்டும் என்று வைப்பது. மற்ற இருவருக்கும், அபுதாபிக்காரர்களுக்கும் எத்தனையோ துணி தைத்தேன், எதற்கும் வைக்கத் தோன்றவில்லை. இதற்கு மட்டும் கை தானாகப் போயிற்று. கொடுத்தேன், அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் நான் உள்ளே நுழையும்போதே ஏதோ சரியில்லை. மேஜையில் அந்த அங்கி. கழுத்தருகே செக்கச்செவேலென்று ஒரு கறை. மஞ்சளாக ஏதோ பட்டிருந்ததாம், சோப்புப் போட்டுத் தேய்த்தாராம், ரத்தம் மாதிரி சிவந்துவிட்டதாம். அவர் முகத்தில் கோபம் இல்லை, பதற்றம்தான். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் மற்ற இருவரில் ஒருத்தி, "வேறென்ன, கறிக்குழம்புதான். அது எங்கே பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும்" என்று சிரித்தாள்.

சமைத்த கையோடு துணியைத் தொடுகிறவளா நான்? எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. உண்மையைச் சொல்வதென்றால் மஞ்சள் எதற்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் துணிக்கெல்லாம் வைத்தாயா என்று அந்த இருவரும் கேட்பார்கள். இல்லை, இவருக்கு மட்டும்தான் என்று சொல்ல வேண்டும். இவரை என் சொந்தமாக நினைத்துவிட்டேன் என்று அந்தச் சிரிப்புக்கு முன்னால் சொல்வதற்குப் பதில் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

"ஆமாம். சமையல் கை. சாரி" என்றேன்.

அங்கியை எடுத்து வந்து, சோப்புப் போக அலசி, பால்கனி வெயிலில் போட்டேன். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. சாயங்காலத்துக்குள் துணி வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. எதிர்க் கதவைத் தட்டிக் கொடுத்தேன். எப்படிப் போக்கினாய் என்று ஆச்சரியப்பட்டார். வெயில் என்று மட்டும் சொன்னேன். அப்போதும் சொல்லியிருக்கலாம், யாரும் பக்கத்தில் இல்லை.

அடுத்த வாரம் மேஜையில் என் இடத்தருகே ஈரத்தாள் பெட்டி ஒன்று புதிதாக இருந்தது, கை துடைத்துக்கொள்ள. எல்லோருக்கும் பொதுவாகத்தான் வைத்திருந்தார். என் இடத்தருகே இருந்தது, அது போதும் எனக்கு. சீமாட்டி என்னிடம் கறுப்புத் துணி வேலை ஒன்றைத் தந்து, இது உனக்குச் சுலபம் என்றார். நான் கையைத் துடைத்தேன், ஒரு விரல் விடாமல். தைத்தேன். தலைவலிக்கிறது என்று பாதியில் எழுந்து வந்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லி மறுநாள் மெஷினையும் எடுத்துவரச் செய்தேன்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாயில் கதவு தட்டப்பட்டது. நான் அடுக்களையில் அசையாமல் நின்றேன். அதற்கடுத்த செவ்வாயும். பிறகு தட்டவில்லை. குளிர்காலக் கூட்டத்துக்கு அவர்கள் கிளம்பிய காலையில் ஜன்னலில் இருந்து பார்த்தேன். கார் மேலே கூடாரக் கம்புகளும் சுருட்டிய கொடிகளும் கட்டியிருந்தன. எது சிங்கம், எது கழுகு என்று சுருட்டிய நிலையிலேயே எனக்குத் தெரிந்தது. சீமாட்டி ஏறும்முன் எங்கள் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அழுதேன், ஆனால் அதில்கூடக் கோபம்தான் அதிகம். அவர்தான் என்னை விட்டுவிட்டார் என்று மனசுக்குள் வழக்கு நடத்தித் தீர்ப்பும் எழுதியிருந்தேன்.

ஐந்து மாதம் அப்படி. படியில் பார்த்தால் குட்மார்னிங், அதோடு சரி.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் அவர் கணவரின் கான்ட்ராக்ட் முடிந்தது. கீழே லாரி நின்றது, எதிர்வீட்டிலிருந்து பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கதவு தட்டப்பட்டது, இந்தத் தடவை திறந்தேன். அவர் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"போன வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, உங்கள் ஊர்க்காரி, புதுச்சேலை கட்டியிருந்தாள். ஓரத்தில் மஞ்சள் இருந்தது. கறை என்று காட்டினேன். அவள் விளக்கிச் சொன்னாள்" என்றார். "எனக்காகவா வைத்தாய்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"மற்றவர்களுக்கும் வைத்தாயா?"

"இல்லை."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "நீ போன பிறகு அவர்கள் இருவரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும்தான் செவ்வாய்க்கிழமை அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தேன். பகலில் உன் மெஷின் சத்தம் கேட்கும். உன் கதவு வரை வருவேன். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல் எதைச் சொல்லித் தட்டுவது? திரும்பிப் போய்விடுவேன்." பிறகு, திட்டுகிற குரலில் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில், "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார்.

கீழேயிருந்து அவர் கணவர் கூப்பிட்டார். சீமாட்டி என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார், பிறகு இறங்கிப் போனார்.

இவர் டூட்டி முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், முதலிலிருந்து, மஞ்சள் வைத்ததிலிருந்து. அதுவரை இவரிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. பூட்ஸைக் கழற்றியபடியே கேட்டார். கேட்டு முடித்து, "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

சொல்லியிருக்கலாம். இரண்டு கதவுக்கும் நடுவே ஆறடி இருந்திருந்தால் அதிகம். அதற்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக ஐந்து மாதம் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறோம், என்னுடைய ரோஷத்தால்.