உள்ளங்கை வளையங்கள்

எங்கள் அச்சகத்தில் அவருக்கு ‘ஒற்று’ என்று பெயர். வர வேண்டிய இடத்தில் ஒரு ‘க்’ விட்டுப்போனால் அவருக்குச் சோறு இறங்காது. அவரும் அவருடைய மச்சினனும் ஒரே மேசையில் மெய்ப்புப் பார்ப்பவர்கள். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், மற்றவர் திருத்துவார். மதியத்துக்கு மேல் இடம் மாறிக்கொள்வார்கள். பதினெட்டு வருடப் பழக்கம். ஒருவர் தும்மினால் இன்னொருவர் கமா போடுவார் என்று கிண்டலடிப்போம்.

போன மாதம் ஒற்றின் வலது இமையைச் சுற்றிச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். கண்கட்டிதானே என்று அசட்டையாக இருந்துவிட்டார். எழுத்து மங்கிய பிறகே டாக்டரிடம் ஓடினார். ஹெர்பிஸ் கிருமியாம். மாத்திரை, இரண்டு வார லீவு. நல்லவேளையாகக் கண் தப்பித்தது.

கொப்புளமெல்லாம் காய்ந்து வேலைக்கு வந்த மூன்றாம் நாள், உள்ளங்கையில் சிவப்பு வளையங்கள், நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு. முழங்கை வரை ஏறிவிட்டன. மறுபடியும் டாக்டரிடம் போய்விட்டு வந்து முதல் வேலையாக மச்சினனிடம்தான் சொன்னார். பக்கத்து மேசையில் அட்டைப்படம் செய்துகொண்டிருந்த நான் என் காதால் கேட்டேன்.

“அந்தக் கிருமியோட உடம்பு போட்ட சண்டைல வந்ததாம் மாப்ள. யாருக்கும் ஒட்டாதாம்.”

“அப்பாடா! நான் பயந்தே போயிட்டேன் மாமா.”

நான்கு நாள் கழித்து முதலாளி அவரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். கணினியில் அடித்தது, அடியில் பெயர் இல்லை. அவர் தொட்ட தாளைத் தொட எல்லோரும் அஞ்சுகிறார்களாம். இந்த வியாதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் யோசிக்க வேண்டியதாம். அவர் நடத்தையையே சந்தேகப்படும் அந்த ‘எங்கிருந்து’வை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லோரும் என்றால் யார்? என்னை யாராவது கேட்டார்களா?

“டாக்டர் சீட்டு இருக்குங்க” என்றிருக்கிறார் ஒற்று.

“இருக்கட்டும். இந்த வாரத்தோட நின்னுக்கங்க.”

வேலை போன அந்த நிமிடத்திலும் தொழில்புத்தி விடவில்லை. கடிதத்தை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்திருக்கிறார். ஒரு பிழைகூட இல்லை. எங்கள் அச்சகத்தில் அப்படி எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

மேசைக்குத் திரும்பியவரின் முகம் செத்துப்போயிருந்தது.

“எதுக்குக் கூப்பிட்டாரு மாமா?”

“ஒரு கடிதாசி படிக்கக் குடுத்தாரு.”

“என்ன கடிதாசி?”

“நல்லா எழுதியிருக்க மாப்ள. ஒரு ஒற்றுகூட விட்டுப்போகல.”

மச்சினன் மெய்ப்பில் சரியாக இருந்த ஒரு சொல்லை அடித்துத் திருத்தத் தொடங்கினார். ஒற்று தன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

“வேலை போயிடுச்சு. ஏன் போச்சுன்னு உன் அக்காகிட்ட நீயே வந்து சொல்லிடு. என்னால சொல்ல முடியாது.”