ரபிகாவின் மேசையில் சலுகை கிடையாது

அல்மாட்டியில் பனிமூட்டம் இறங்கினால் விமான நிலையம் ரயிலடி ஆகிவிடும். அந்த ஜனவரிக் காலையும் அப்படித்தான். ஓடுபாதை விளக்குகூடத் தெரியவில்லை. ஒன்பது மணிக்குள் பதினான்கு விமானங்கள் தாமதம் என்று பலகையில் வந்துவிட்டது. பெஞ்சுகள் நிரம்பின. பிறகு தரை நிரம்பியது.

மாடியில், லவுஞ்சின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் ரபிகா. வயது ஐம்பத்தாறு. ஒரு காலத்தில் பருத்தி ஆலையில் நூல் முறுக்கியவர். ஆலையை மூடினார்கள். சந்தையில் நின்று காலுறை விற்றார். அப்புறம் இதே லவுஞ்சுக்குக் கழிப்பறை கழுவ வந்தார். கழுவிக்கொண்டே கதவடியில் நடக்கும் சண்டைகளைக் கேட்டார். யாரை உள்ளே விடுகிறார்கள், யாரைத் துரத்துகிறார்கள், அதற்கு எந்த விதியைச் சொல்கிறார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டார். துரத்தப்பட்டவர்களில் பாதிப் பேர் உள்ளே வரும் உரிமை உள்ளவர்கள் என்பது இரண்டு வருடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. மேசையில் இருந்தவர்களுக்கு அது புரியவே இல்லை. கடைசியில் மேசையை அவரிடமே கொடுத்தார்கள். வேறு வழி? விதிப்புத்தகத்தை முழுசாகப் படித்த ஆள் அந்த மாடியில் அவர் ஒருவர்தான்.

விதி ஒன்றும் பெரிய மந்திரமில்லை. லவுஞ்ச் உள்ளூர் விமானக் கம்பெனி கிளப்புடையது. அந்தக் கிளப் ஒன்பது வெளிநாட்டுக் கிளப்புகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவர்கள் உறுப்பினர் இங்கே வந்தால் சோபா, சூடான சாப்பாடு, தேநீர். நம் உறுப்பினர் அங்கே போனால் அதே மரியாதை. அன்றைக்கு நம் கம்பெனி, அவர்கள் கம்பெனி இரண்டில் ஒன்றின் விமானத்தில் ஏறுகிறவராக இருக்க வேண்டும். ஓர் உறுப்பினர், கூட ஒரு விருந்தாளி. அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் இதற்குப் பதினெட்டுப் பக்கம். புதிதாக வரும் பெண்களுக்கு ரபிகா ஒரே வார்த்தையில் சொல்லிக்கொடுப்பார்: "சம்பந்திக்காரங்கடி. நம்ம வீட்டு ஆளுக்கு அங்க என்ன நடக்குமோ, அது அவங்களுக்கு இங்க நடக்கணும்."

மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். ஒன்பது கிளப்பின் அட்டையையும் கலர் பென்சிலால் அதில் வரைந்திருந்தார். எந்த ஓரத்தில் பட்டை, எந்த மூலையில் நட்சத்திரம், எல்லாம் இருந்தது. ஷிப்ட் தலைவன் திமூர் அதைப் பார்த்துச் சிரிப்பான். "அக்கா, மெஷின் இருக்கு. அட்டையக் காட்டினா பச்சை விளக்கு, இல்ல சிவப்பு விளக்கு. நீங்க எதுக்கு ஓவியம் வரையுறீங்க?"

"மெஷின் காட்டுற அட்டையத்தான் பாக்கும் தம்பி. காட்டத் தெரியாதவங்கள நான்தான் பாக்கணும்."

பத்து மணிக்குக் கைர்பெக் வந்தார். மேற்கே எண்ணெய் வயலில் வேலை. பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் வீடு என்று வருடம் முழுக்கப் பறக்கிற மனிதர். உள்ளூர்க் கிளப்பின் உறுப்பினர். கூடவே பெரிய ரோமத் தொப்பியோடு ஒரு பெரியவர்.

"எனக்கு விருந்தாளி ஒருத்தர் உண்டு இல்லையா? இவர்தான்," என்றார் கைர்பெக். குரலில் ஒரு பணிவு, கொஞ்சம் பயம். "ஒராஸ்பாய். என் சம்பந்தி. எம் பொண்ண அவர் வீட்டுக்குத்தான் கொடுத்திருக்கோம். கீழ எதேச்சையா பாத்தேன்."

பச்சை விளக்கு. இருவரும் உள்ளே போனார்கள். ஒராஸ்பாயை நல்ல சோபாவில் உட்காரவைத்து, தட்டு நிறையக் கறியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார் கைர்பெக். தான் ஒரு வாய்கூடத் தின்னவில்லை. ரபிகா கவனித்தார். கால் மணி நேரம் கழித்து அந்த மனிதர் நைசாக எழுந்து மேசைக்கு வந்தார். மேசையோரத்தில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒரு உதவி. என் பொண்டாட்டி கீழ இருக்கா."

"கீழயா?"

"முழங்கால் ஆபரேஷன் ஆகி ஆறு நாள் ஆகுது. கால நீட்டித்தான் வைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இரும்பு நாற்காலில உக்காந்திருக்கா. அவள இங்க கூட்டிக்கிட்டு வரத்தான் சக்கர நாற்காலி தேடிப் போனேன். படிக்கிட்ட சம்பந்தி எதுர வந்துட்டார்."

ரபிகாவுக்கு மீதி விளங்கிவிட்டது. அந்த ஊரில் யாருக்கும் விளங்கும். சம்பந்தி எதிரே வந்து நிற்கும்போது, 'நாங்க போய்ச் சாஞ்சுக்கிறோம், நீங்க பெஞ்சில இருங்க' என்று சொல்லிவிட்டுப் போகிற நாக்கு எந்தக் கசாக் மனிதனுக்கும் கிடையாது. ஒரு விருந்தாளி என்றால் அந்த ஒன்று சம்பந்திதான். பெண்டாட்டி அப்புறம். இந்த முட்டாள்தனத்தை ரபிகாவின் புருஷனும் செய்திருப்பார்.

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"தெரிஞ்ச பொம்பளைங்களோட கதை பேசிட்டிருக்கானு சொன்னேன். உண்மை தெரிஞ்சா அவர் இங்க ஒரு நிமிஷம் இருக்க மாட்டார். எந்திரிச்சுப் போயிருவார். அப்புறம் எம் பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தலை நிமிர்ந்து இருக்கும்? நீங்க கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டீங்கன்னா, அவ மெல்ல உள்ள வந்துருவா. ஓரமா இருப்பா."

"முடியாது."

கைர்பெக் கோட்டுக்குள் கையை விட்டு, துணியில் சுற்றிய குதிரைக்கறிச் சுருள் ஒன்றை எடுத்தார். பூண்டு வாசனை மேசை முழுக்கப் பரவியது. "வீட்டுல செஞ்ச கஸி அக்கா. விலாக்கறி."

"உள்ள வைங்க. மேசை எண்ணெயாகுது."

"கல்லு மனசு உங்களுக்கு."

"ஆமா. இன்னைக்கு உங்களுக்குக் கண்ண மூடினா, நாளைக்கு இந்த மேசையில உக்கார்றவ யாருக்குக் கண்ண மூடுவா? பெரிய மனுஷனுக்கு மூடுவா. உங்க பொண்டாட்டிக்குத் தொறந்து வச்சுக்கிட்டு 'வெளிய போ'ம்பா. எனக்கு அந்த வேலையே வேண்டாம்." எழுந்து, நாற்காலியின் முதுகில் கிடந்த சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "அவங்க பேரு?"

"தாமேஷ்."

"நீங்க போய் சம்பந்திக்கு டீ ஊத்துங்க."

மேசையை இன்னொரு பெண்ணிடம் விட்டுவிட்டுப் படியிறங்கினார். பனிமூட்டம் இறங்கினால் ரபிகா எப்போதும் கூடத்தைச் சுற்றி வருவார். பெட்டிகளில் தொங்கும் சீட்டு, பாஸ்போர்ட் உறை, பர்ஸ் திறக்கும்போது தெரியும் அட்டை ஓரம், இவற்றைப் பார்த்துக்கொண்டே நடப்பார். "இது உங்களுதா? அப்ப எதுக்குத் தரையில உக்காந்திருக்கீங்க? மாடிக்கு வாங்க," என்று எத்தனை பேரைக் கிளப்பியிருக்கிறார்! பலருக்கு நம்பிக்கையே வராது. ஏதோ விற்க வந்தவள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் விடமாட்டார். தனக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று தெரியாதவனிடம் போய்ச் சொல்வதும் வேலைதான் என்பது அவர் கட்சி. அதற்குத் தனியாகச் சம்பளம் ஒன்றும் கிடையாது.

ஏழாம் வாசலுக்குப் பக்கத்தில் தாமேஷ் இருந்தார். கால் நேராக நீட்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி தன் பெட்டியைப் படுக்கப்போட்டு, அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். முழங்கால் கட்டுக்கு மேலே வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. தாமேஷின் மேலுதட்டில் வியர்வை. ஆனாலும் மடியில் துணி விரித்து, பொரித்த பவுர்சாக் உருண்டைகளைப் பிளந்து, வெண்ணெய் தடவி, அந்த மாணவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே ரபிகா பக்கத்தில் குந்தினார்.

"வலிக்காம?" என்ற தாமேஷ் மாணவியிடம் ஓர் உருண்டையை நீட்டினார். "நீ சாப்பிடு மகளே. வீட்டு வெண்ணெய். கத்தியப் பிடுங்கிக்கிட்டானுங்க, செக்கிங்ல. என்ன பண்றது, இத வச்சுத் தடவுறேன்."

ரபிகா அவர் கையைப் பார்த்தார். பார்த்த பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஓரம் தேய்ந்து வளைந்திருந்தது. ஒரு மூலையில் காய்ந்த மாவு. வெண்ணெய்க்கு அடியில் கருநீலம், குறுக்கே வெள்ளிப்பட்டை. நோட்டில் ஆறாம் பக்கம்.

"இது எங்கிருந்து வந்துச்சு உங்களுக்கு?"

"இதா? மாவுப் பலகை சொரண்டுறது. நாலு வருஷமா இதான். இது மாதிரி ஒண்ணு கடையில கிடைக்காது. போற எடத்துக்கெல்லாம் எடுத்துக்கிட்டுப் போவேன்."

"யாரு கொடுத்தாங்கனு கேக்குறேன்."

"எம் பொண்ணு. சியோல்ல இருக்கா, புருஷனோட. பேரனப் பாத்துக்க எட்டு தடவை போயிட்டு வந்துட்டேன். என்னமோ தபால்ல அனுப்பினா. 'பத்திரமா வச்சுக்கம்மா'ன்னா. பத்திரமாத்தான் வச்சிருக்கேன்."

ரபிகா அட்டையை வாங்கிச் சால்வை நுனியால் துடைத்தார். தாமேஷின் பெயர் மேடாகத் தெரிந்தது. எண்ணில் கடைசி மூன்று இலக்கம் மட்டும் மாவோடு மாவாகப் போயிருந்தது.

"பொண்ணக் கூப்பிடுங்க. இப்பவே."

சியோலில் மதியம் ஆகியிருந்தது. மகள் முகம் திரையில் வந்தது. விஷயத்தை ரபிகா சொன்னதும் அவள் கத்தினாள்: "அம்மா! அதுலயா வெண்ணெய் தடவுற? வருஷா வருஷம் நான் புதுப்பிக்கிறேம்மா அத!"

"எதுக்குன்னு நீ சொன்னியா?"

"சொன்னேன்! ஏர்போர்ட்ல உக்கார எடம் கிடைக்கும்னு சொன்னேன்!"

"ஏர்போர்ட்டுல உக்கார எடத்துக்கு எவனாவது அட்டை கேப்பானா? நீ வெளையாடுறேன்னு நெனச்சேன். அதென்னடி, அங்க கொடுத்த அட்டை இங்க எப்படிச் செல்லும்?"

"சம்பந்தி வீடுன்னு நெனச்சுக்குங்க," என்றார் ரபிகா. "பொண்ணே, கிளப் வெப்சைட்ல உங்கம்மாவோட உறுப்பினர் பக்கத்தப் படம் பிடிச்சு இந்த போனுக்கு அனுப்பு. எண்ணு முழுசாத் தெரியணும். தேதியும் தெரியணும்."

படம் வந்தது. சக்கர நாற்காலியும் வந்தது. மேலே மேசையில் இப்போது திமூர் நின்றுகொண்டிருந்தான். மெஷின் அட்டையைப் பார்த்துச் சிவப்பு விளக்கு போட்டது.

"அக்கா, சிவப்பு. இது செல்லாது. பாருங்க, எலி கடிச்ச மாதிரி இருக்கு."

"பதினொண்ணாம் பக்கம், மூணாவது பத்தி," என்றார் ரபிகா, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. "அட்டை கெட்டுப்போயிருந்தா, உறுப்பினர் பக்கத்துல இருக்குற எண்ணையும் பாஸ்போர்ட்டையும் வச்சு கையால பதியலாம். இன்னைக்கு நம்ம கம்பெனி ஃபிளைட். போர்டிங் பாஸ் இந்தா. புத்தகம் உன் அறையிலதான் இருக்கு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல நீ."

திமூர் போய்ப் பிரித்துப் பார்த்தான். திரும்பி வந்தபோது ரபிகா எண்ணை அடித்து முடித்திருந்தார். பச்சை. அவன் சக்கர நாற்காலிக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பையன் கெட்டவன் இல்லை, படிக்காதவன்.

"ஒரு நிமிஷம்," என்றார் ரபிகா. "உறுப்பினர் தாமேஷ், உங்களுக்கு ஒரு விருந்தாளி உண்டு. யாரு?"

தாமேஷ் அவரை நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலிருந்தது. "எனக்கா?"

"உங்களுக்குத்தான். உங்க அட்டை."

"அப்ப கீழ இருக்குற அந்தப் பொண்ணு. ரெண்டு மணி நேரமா எங்காலு அவ பெட்டி மேலதான் இருந்துச்சு."

மாணவி பெட்டியை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். உள்ளே நீள சோபாவில் தாமேஷைச் சாய்த்து, காலுக்கடியில் மூன்று தலையணை வைத்தார்கள். கால் தலையணையில் பட்டதும் அவர் கண்ணை மூடி, நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார். ஒரு பெண் ஐஸ் பை கொண்டுவந்தாள். எதிர் மூலையிலிருந்து கைர்பெக் கிண்ணமும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது.

ஒராஸ்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். "சம்பந்தியம்மா! காலுக்கு என்ன? இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

கைர்பெக்கின் முகம் வெளுத்தது. தாமேஷ் கணவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கான கணக்கு வீட்டில் தீரும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

"கீழ இந்தப் பொண்ணோட பேசிட்டிருந்தேன் சம்பந்தி. உங்க மருமக எனக்கு ஒரு அட்டை அனுப்பியிருக்கா. அத வச்சு வந்தேன்."

"மருமக அனுப்பினாளா?" ஒராஸ்பாய் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு அனுப்பலையே! எம் மகனுக்கு அப்பன்னு ஒருத்தன் இருக்குறதே மறந்து போச்சா? உங்களுக்கு அட்டை, எனக்கு அடுத்தவன் தயவா?"

"எட்டு தடவை போய்த் துணி துவைங்க, அனுப்புவா," என்றார் தாமேஷ். ஒராஸ்பாய் லவுஞ்சே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். தேநீர் ஊற்றுவது பெண்கள் வேலை. அன்று கைர்பெக் ஊற்றினார். பெண்டாட்டிக்கு, அந்த ஊர் வழக்கப்படி, கிண்ணத்தில் கால்வாசி மட்டும் ஊற்றி, தீரத் தீர மறுபடி ஊற்றி, மிகப் பெரிய விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையைச் செய்தார். பனிமூட்டம் விலக இன்னும் ஐந்து மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் கிண்ணத்தை அவர் கீழே வைக்கவில்லை.

விமானத்துக்கு அழைப்பு வந்து, சக்கர நாற்காலி மேசையைத் தாண்டும்போது தாமேஷ் நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, இத இனி பர்ஸ்ல வைக்கணுமா?"

"பர்ஸ்லதான் வைக்கணும்."

"அப்ப மாவு எதால சொரண்டுவேன்?"

ரபிகா இழுப்பறையைத் திறந்து துழாவினார். காலாவதியாகி, உரியவர்கள் விட்டுவிட்டுப் போன அட்டைகள் ஒரு டப்பாவில் கிடந்தன. விரலால் வளைத்துப் பார்த்து, நல்ல கெட்டியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து நீட்டினார். தங்க நிறம், ஓரம் இன்னும் கூராக இருந்தது.

"இத வச்சுக்குங்க. இது எந்தக் கதவையும் திறக்காது. பலகைக்கு நல்லா இருக்கும்."